கரி நெருப்பில் ஹம்பர்கர்: உப்பும் தூளும் எப்போது சேர வேண்டும்

ஆடி, ஆவணி மாதங்களில் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வந்து இறங்கியதும் வன்னி வீடுகளில் சோறு கறியோடு வேறு சில சமையல்களும் தொடங்கிவிடுகின்றன. கிளிநொச்சியில் எங்கள் வளவில், வேப்பமரத்தின் கீழ், பாதியாக வெட்டிய இரும்புப் பரலில் கரி மூட்டி ஹம்பர்கர் சுடும் வழக்கம் அப்படித்தான் வந்தது. முதல் தடவை நான் ஒரு கிலோ அரைத்த மாட்டிறைச்சியில் உப்பு, தேசிக்காய்ப்புளி, இஞ்சி உள்ளி விழுது, இரண்டு மேசைக்கரண்டி கறித்தூள் எல்லாவற்றையும் முதல்நாள் இரவே போட்டுப் பிசைந்து, மூடி, குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தபோது அது இடியப்பத்துக்குக் குழைத்த மாவைப் போல இறுகி ஒட்டியிருந்தது. நெருப்பில் வைத்ததும் வெளிப்புறம் கறுத்தது. உட்புறம் கடிக்கக் கடிக்க இறப்பரைப் போல மீண்டு நின்றது. தங்கையின் மகன் ஒரு வாய் கடித்துவிட்டு, "மாமா, நல்லாத்தான் இருக்கு, ஆனா இது பர்கர் இல்லை, கட்லட்" என்றான்.

அவன் சொன்னது சரி. நான் சேர்த்த பொருள்களில் ஒன்றும் பிழையில்லை, சேர்த்த நேரந்தான் பிழை. நமது சமையலில் இறைச்சி வீட்டுக்கு வந்தால் முதல் வேலை அதைப் பிரட்டி ஊற வைப்பது. துண்டு இறைச்சிக்கு அது பொருந்தும். உப்பும் புளியும் துண்டின் மேற்புறத்திலிருந்து மெல்ல உள்ளே இறங்குகின்றன. பிறகு குழம்பின் நீரில் கொதிக்கும்போது தூளும் கருகாமல் வேகிறது. அரைத்த இறைச்சியில் அகம் புறம் என்ற வேறுபாடு இல்லை. பிசைந்த அடுத்த நிமிடமே உப்பு எங்கும் நிறைந்துவிடுகிறது. அதோடு, கரி நெருப்பின் மேல் தூளைக் காப்பாற்றக் குழம்பும் இல்லை. ஆகவே ஹம்பர்கருக்குச் சுவை சேர்க்கும் வரிசை நமது கைப்பழக்கத்துக்கு நேர் எதிரானது: இறைச்சியோடு எதையும் கலக்காமல் தட்டி எடுத்து, உப்பையும் மிளகையும் நெருப்பில் வைக்கும் தறுவாயில் மேலே தூவி, கறித்தூளை இறக்கும் நேரத்தில் பூச வேண்டும்.

உப்பு அப்படி என்ன செய்கிறது என்பதை விளங்கிக்கொண்டால் இந்த வரிசையை மறக்க முடியாது. இறைச்சித் தசையில் மயோசின் என்றொரு புரதம் இருக்கிறது. அது வெறும் நீரில் எளிதாகக் கரைவதில்லை, உப்பு நீரில் கரைகிறது. கரைந்த மயோசின் பசையைப் போல இறைச்சித் துணுக்குகளை ஒன்றோடொன்று ஒட்டி, சூடு பட்டதும் இறுகிவிடுகிறது. சொசேஜ் செய்பவர்கள் வேண்டுமென்றே செய்வது இதைத்தான். அந்த உணவுக்கு அந்த இழுவை அழகு. ஹம்பர்கரோ துணுக்குத் துணுக்காக, கடித்தவுடன் உதிர வேண்டியது. ஐயம் உள்ளவர்கள் ஒரே இறைச்சியில் இரண்டு உருண்டைகள் எடுத்து, ஒன்றில் உப்பைப் பிசைந்து ஒரு மணி நேரம் குளிரில் வைத்தும், மற்றதில் சுடும்போது மட்டும் உப்பைத் தூவியும் சுட்டுப் பார்க்கலாம். உண்பதற்கு முன்பே, கத்தியால் வெட்டும்போதே வேறுபாடு தெரிந்துவிடும்.

இறைச்சியைப் பற்றிச் சொல்லுமுன் ஒரு சிறு விளக்கம் தேவை. இந்த உணவின் பெயர் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்தின் பெயரிலிருந்து வந்தது. பன்றித் தொடையைக் குறிக்கும் 'ஹாம்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கும் இதற்கும் தொடர்பில்லை. வழமையான ஹம்பர்கர் மாட்டிறைச்சியால் ஆனது. எங்கள் அயலில் முஸ்லிம் நண்பர் ஒருவர் பெயரைக் கேட்டே பல ஆண்டுகள் தொடாமல் இருந்தார் என்பதால் இதைச் சொல்கிறேன். சைவ சமயத்தவர் வீடுகளில் மாட்டிறைச்சி ஏறாது. அவர்களுக்கு ஆட்டிலும் கோழியிலும் வழி உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

வன்னியில் மேய்ச்சல் தரையிலும் குளக்கரையிலும் நடந்து திரிந்து வளர்ந்த மாடுகளின் இறைச்சியில் கொழுப்பு குறைவு. ஹம்பர்கருக்கு ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு வேண்டும். 800 கிராம் சதைக்கு 200 கிராம் கொழுப்பு என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். சுவை என்று நாம் நாவில் உணர்வதில் பெரும்பங்கைக் கொழுப்புத்தான் தூக்கி வருகிறது. மிளகின் வாசமும் தூளின் வாசமும் கொழுப்பில் கரைந்தே பரவுகின்றன. கொழுப்பில்லாத இறைச்சிக்கு எவ்வளவு தூள் போட்டாலும் அது சக்கையின் மேல் தூவிய தூளாகவே நிற்கும். இறைச்சிக்கடையில் முன்கால்ப் பக்கத்துத் தோள் இறைச்சியைக் கேட்டு, சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் வெள்ளைக் கொழுப்பைத் தனியாக வாங்கி, இரண்டையும் ஒன்றாக அரைக்கச் சொல்வது நல்லது. கொழுப்புக் கிடைக்காத நாளில், உறைய வைத்த பட்டரைத் துருவி, 900 கிராம் இறைச்சிக்கு 100 கிராம் என்ற அளவில் கலந்திருக்கிறேன். குறை சொல்ல முடியாது. தேங்காயெண்ணெயை ஊற்றிப் பார்க்க வேண்டாம். ஏறத்தாழ 24 பாகை செல்சியஸில் உருகிவிடும் அந்த எண்ணெய் வன்னி வெயிலில் இறைச்சிக்குள் தங்காது. இன்னொன்று, பௌர்ணமி நாட்களில் இறைச்சிக்கடைகள் பூட்டியிருக்கும். விருந்தினரை அழைத்துவிட்டுக் கலண்டரைப் பார்ப்பதைவிட, பார்த்துவிட்டு அழைப்பது நல்லது.

அரைத்த இறைச்சியைக் குளிரிலேயே வைத்திருக்க வேண்டும். வெப்பநிலை 32 பாகையைத் தாண்டிய நாளில் பச்சை இறைச்சியை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பின் பொது விதி. நமக்கு ஆண்டின் பெரும்பகுதி அப்படிப்பட்ட நாட்களே. சுவைக்கும் இது தேவை. சூடேறிய கொழுப்பு விரல்களில் நெய்யைப் போல ஒட்டிக்கொண்டு வந்துவிடும், இறைச்சியில் மிஞ்சாது. நான் கைகளைப் பனிக்கட்டி நீரில் நனைத்துத் துடைத்துவிட்டுத்தான் தட்டத் தொடங்குவேன்.

150 கிராம் அளவில் இறைச்சியை எடுத்து, அழுத்திப் பிசையாமல், இரு கைகளுக்கிடையே மெதுவாக உருட்டித் தட்ட வேண்டும். தடிப்பு இரண்டு சென்ரிமீற்றர் இருக்கட்டும். அகலம் பணிஸைவிட ஒரு விரல் அதிகமாக இருக்கட்டும், ஏனென்றால் நெருப்பில் சுருங்கும். நடுவில் பெருவிரலால் ஒரு சிறு குழி அமுக்கிவிட்டால் சுடும்போது நடுப்பகுதி பந்தாக உப்பாது. உழுந்து வடைக்கு ஓட்டை போட்டுப் பழகிய கை முழுதாகத் துளைத்துவிடும். குழி மட்டும் போதும். தட்டிய இறைச்சியை ஒரு தட்டத்தில் பரப்பி, அரை மணி நேரம் குளிரில் வைத்துவிட்டு நெருப்பைக் கவனிக்கப் போகலாம். இதுவரை உப்பு ஒரு கல்கூடச் சேர்ந்திருக்கக் கூடாது.

உப்புக்கு ஆனையிறவுக் கல்லுப்பையே நான் எடுப்பேன். போர்க்காலத்தில் நெடுங்காலம் கைவிடப்பட்டிருந்த அந்த உப்பளம் மீண்டும் விளைகிறது என்ற மகிழ்ச்சி ஒருபுறமிருக்க, சமையல் காரணமும் உண்டு. பொடியுப்பு இறைச்சியின் ஈரத்தில் விழுந்தவுடன் கரைந்துவிடும். பருமனான உப்பு சிறிது நேரம் அப்படியே நின்று, கடிக்கும்போது அங்கங்கே நாவில் தெரியும். கடல் உப்பு ஈரம் பிடித்தது என்பதால், ஒரு வெறும் சட்டியில் இரண்டு மூன்று நிமிடங்கள் புரட்டி உலர்த்தி, ஆறியபின் உரலில் நாலு இடி இடித்தால் போதும். இரவை அளவுக்கு உடைந்ததும் நிறுத்திவிட வேண்டும். 150 கிராம் இறைச்சிக்கு ஒன்றரைக் கிராம் உப்பு, அதாவது எடையில் நூற்றுக்கு ஒன்று, அளவான உப்பு. பொடியுப்பில் அது கால் தேக்கரண்டி. இடித்த கல்லுப்பில் இடைவெளி அதிகம் என்பதால் கரண்டியைச் சற்று நிரப்பி எடுக்க வேண்டும். அதைப் பாதி பாதியாக இரு பக்கங்களுக்கும் பிரித்து, ஒரு சாண் உயரத்திலிருந்து விரல்களைத் தேய்த்தபடி தூவ வேண்டும். கோலம் போடுபவர்களுக்கு இந்த விரல் அசைவைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிட்ட வைத்துப் போட்டால் ஓரிடத்தில் குவியும். உயரத்திலிருந்து போட்டால் சீராகப் பரவும். மேற்பக்கத்துக்குத் தூவி, அந்தப் பக்கம் கம்பியில் படும்படி கவிழ்த்துவிட்டு, இப்போது மேலே வந்த பக்கத்துக்கும் தூவினால் வேலை முடிந்தது. தூவியதற்கும் நெருப்புக்கும் இடையே ஒரு நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. உப்பு பட்ட இறைச்சி நீர் விடும்; நீர் நிற்கும் மேற்பரப்பு நூறு பாகையைத் தாண்டாது; 140 பாகைக்கு மேல் போனால்தான் இறைச்சி சிவந்து பொரிந்து அந்த வாசம் வரும்.

மிளகை முழுதாக வாங்கி, சுடும் நாளிலேயே இடிக்க வேண்டும். இலங்கை மிளகு காரம் கூடியது. ஒன்றிரண்டாக உடைந்த மிளகு ஒரு தட்டலுக்குக் கால் தேக்கரண்டி போதும். மா போல அரைத்த மிளகு கருகும். உடைத்த மிளகு வறுபட்டு மணக்கும். உப்போடு கலந்தே தூவலாம். இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்பவர்கள் எதையும் இழக்கவில்லை என்பது என் கருத்து. ஆனால் வன்னியில் இறைச்சிக்குத் தூள் படாமல் பரிமாறினால் வீட்டுப் பெரியவர்கள் அதை நோயாளிச் சாப்பாடு என்பார்கள்.

நமது கறித்தூள் ஏற்கெனவே நெருப்பைக் கண்டது. செத்தல் மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், நற்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை ஆகியவற்றை வறுத்துத்தான் திரிக்கிறோம்; தூள் வறுக்கும் நாளில் நாலு வளவுக்கு அப்பாலும் தும்மல் கேட்கும். வறுத்த பக்குவத்திலிருந்து கருகிய நிலைக்கு இடைவெளி மிகச் சிறிது. அத்தகைய தூளை இறைச்சியின் மேல் பூசி, இருநூறு பாகைக்கு மேற்பட்ட நெருப்பில் எட்டு நிமிடம் வைத்தால் வெந்தயமும் மிளகாயும் கசந்து போகும். கண் எரியும் புகை வேறு. எனவே தூளைப் பட்டரில் ஏற்றி, இறுதியில் பூசும் முறைக்கு நான் வந்து சேர்ந்தேன். ஆறு ஹம்பர்கர்களுக்கு 50 கிராம் பட்டரை மிகச் சிறிய தீயில் உருக்கி, இரண்டு பல்லு உள்ளியைத் தட்டிப் போட்டு, அது வெளிறிய பொன்னிறத்துக்கு வந்ததும் ஒரு நெட்டுக் கறிவேப்பிலையை உருவிப் போட வேண்டும். வெடிப்புச் சத்தம் அடங்கியவுடன் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, அதன் பிறகே ஒரு தேக்கரண்டி கறித்தூளைச் சேர்த்துக் கலக்க வேண்டும். சட்டியின் மிஞ்சிய சூட்டிலேயே தூள் விரிந்து, பட்டர் செம்மஞ்சளாகிவிடும். ஐந்து நிமிடம் அப்படியே நின்றால் வாசம் முழுவதும் கொழுப்பில் இறங்கிவிடும். ஹம்பர்கரை நெருப்பிலிருந்து எடுப்பதற்கு அரை நிமிடம் முன்பாக ஒரு தடவையும், எடுத்து வைத்தபின் இன்னொரு தடவையும் இதைப் பூசினால், கறியின் மணமும் சுட்ட இறைச்சியின் மணமும் ஒன்றையொன்று அழிக்காமல் நிற்கும்.

இறைச்சிக்குள்ளேயே ஏதாவது போட வேண்டும் என்று கை துடிப்பவர்களுக்கு ஒரு சலுகை மட்டும் தரலாம். சின்ன வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, நீர் வற்றிப் பொன்னிறமாகும்வரை வதக்கி, நன்றாக ஆறவிட்டு, கிலோவுக்கு மூன்று மேசைக்கரண்டி அளவில் மேலோட்டமாகக் கலக்கலாம். பச்சை வெங்காயம் நீர் விட்டுத் தட்டலை உடைத்துவிடும். பச்சை இஞ்சி உள்ளி விழுதும் அவ்வாறே ஈரம் சேர்க்கும், மேற்புறத்தில் இருக்கும் உள்ளி கருகிக் கசக்கும். தேசிக்காய்ப்புளி இறைச்சியின் புரதத்தை நெருப்புக்கு முன்பே வெளிறச் செய்து வறட்டிவிடும். அதன் இடம் இறுதியில், வெங்காயச் சம்பலில். முட்டையும் பாண்தூளும் சேர்ந்தால் அது கட்லட் ஆகிவிடும் என்பதை மருமகன் ஏற்கெனவே சொல்லிவிட்டான். சீனியோ தேனோ இனிப்புச் சோஸோ நெருப்பில் இருக்கும்போது பூசக் கூடாது, எரிந்துவிடும். காட்டுத் தேன் வீட்டில் இருந்தால் பரிமாறும்போது ஒரு துளி விடலாம்.

கரிக்குச் சிரட்டைக்கரி சிறந்தது. புகை குறைவு, சூடு அதிகம். பனை வளவு உள்ளவர்கள் ஊமற்கரியும் சேர்க்கலாம். வேலியோரத்து அலரித் தடியை எந்தக் காரணத்துக்காகவும் அடுப்பில் வைக்க வேண்டாம்; அது நஞ்சு. கம்பி வலையிலும் கவனம் வேண்டும்: வேலிக்கும் கோழிக்கூட்டுக்கும் விற்கும் நாகம் (துத்தநாகம்) பூசிய வலையைச் சூடாக்கினால் தீய புகை வரும், பூச்சில்லாத இரும்புக் கம்பியோ துருவேறா உருக்கோ போதும். தணல் முழுவதும் வெண்சாம்பல் போர்த்திய பிறகு அதைப் பரலின் ஒரு பக்கத்துக்கு ஒதுக்கி, மறுபக்கத்தை வெறுமையாக விட வேண்டும். கம்பிக்கு நாலு விரல் உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்தால் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் தாங்க முடியாத சூடே அளவான சூடு. கொழுப்புச் சொட்டித் தீ எழும்போது தண்ணீர் தெளித்தால் சாம்பல் பறந்து இறைச்சியில் ஒட்டும். வெறுமையான பக்கத்துக்கு நகர்த்தினால் தீ தானாக அடங்கும்.

ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ நாலு நிமிடம் பிடிக்கும். அகப்பையால் அமுக்கக் கூடாது. சீறும் அந்த ஓசை கேட்க நன்றாக இருந்தாலும், சீறுவது நாம் காசு கொடுத்து வாங்கிய கொழுப்பு. உட்புறம் 71 பாகை செல்சியஸை எட்ட வேண்டும். துண்டு இறைச்சியில் கிருமிகள் வெளிப்புறத்தில் இருந்து நெருப்பில் சாகின்றன. அரைக்கும்போது அவை நடுவுக்கும் போய்விடுகின்றன என்பதால், அரைவேக்காடு இங்கே பொருந்தாது. நிறத்தை நம்ப முடியாது, 71 பாகைக்கு முன்பே பழுப்பாகிவிடும் இறைச்சியும் உண்டு. குத்திப் பார்க்கும் சிறு வெப்பமானி ஒன்றை, விடுமுறைக்கு வருபவர்களிடம் சொக்லேற்றுக்குப் பதிலாகக் கேட்டு வாங்கலாம்.

ஆட்டிறைச்சியில் செய்பவர்கள் கொழுப்பின் அளவைக் குறைக்காமல், மிளகோடு வறுத்து இடித்த நற்சீரகத்தையும் கால் தேக்கரண்டி சேர்த்துத் தூவினால் ஆட்டு வாடை இனிமையாக மாறும். கோழிக்குத் தொடை இறைச்சியைத் தோலோடு அரைக்க வேண்டும். அரைத்த கோழி தளர்ந்து கம்பியில் உடைந்து விழும் இயல்புடையது. ஆகையால் அதற்கு மட்டும் விதியைத் தளர்த்தி, தட்டுவதற்கு ஐந்து நிமிடம் முன்பாகப் பாதி உப்பை உள்ளே கலக்கிறேன். மாட்டிறைச்சிக்குப் பகையான அதே ஒட்டுந்தன்மை இங்கே உதவிக்கு வருகிறது. கோழி 74 பாகைவரை வேக வேண்டும், கம்பிக்கும் கோழிக்கும் எண்ணெய் பூச வேண்டும்.

பணிஸுக்கு வெதுப்பகத்தில் சீனி தூவாத, முந்திரிகை வற்றல் இல்லாத வெறும் பணிஸைக் கேட்டு வாங்கி, இரண்டாகப் பிளந்து, வெட்டிய முகத்தைக் கம்பியில் அரை நிமிடம் காட்டினால் சாறு ஊறி நொய்ந்து போகாது. எருமைத் தயிரைத் துணியில் கட்டி இரண்டு மணி நேரம் நீர் வடியவிட்டு, உப்பும் மிளகும் சேர்த்தால் கடையில் வாங்கும் மயோனைஸ் தேவைப்படாது. சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப்புளி சேர்த்த சம்பல் ஒரு கரண்டி. தக்காளி இரண்டு வட்டம். இறைச்சியை நெருப்பிலிருந்து எடுத்து மூன்று நிமிடம் ஆறவிட்ட பிறகே அடுக்க வேண்டும்.

மிஞ்சிய தட்டல்களை உப்புப் போடாமல், இடையிடையே எண்ணெய்த் தாள் வைத்து உறைய வைக்கலாம். அடுத்த தடவை குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரவு முழுவதும் இளகவிட்டு, கம்பியருகே கொண்டுபோன பின் உப்பைத் தூவினால் போதும். யாராவது உதவிக்கு வந்து, நீங்கள் நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் இறைச்சியில் உப்பும் தூளும் போட்டுப் பிசைந்துவிட்டிருந்தால், சண்டை பிடிக்க வேண்டியதில்லை. அவித்த உருளைக்கிழங்கைப் பாதிக்குப் பாதி சேர்த்து, முட்டையில் தோய்த்து, பாண்தூளில் புரட்டி எண்ணெயில் பொரித்தால், அது நல்ல கட்லட்.